வியாழக்கிழமைத் தாள்

ஜூன் 11, செவ்வாய்

என் தராசுக்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் "போன வாரமும் இதையேதான் எழுதினீங்க" என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவில், காற்றுத் தூசி படிந்த இந்த வாரத்து ஃபில்டர் தாள் இருக்கிறது. அதற்கு அடியில் பதிவுத் தாள். அதற்கும் அடியில் நான். அரசாங்கச் செலவில் கடிதம் போட்டுக் குடும்பம் நடத்துகிற ஜோடி இந்த இலாகாவில் நாம் மட்டும்தான் இருப்போம்.

நேற்று பொறியாளர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரவே சொன்னார். இத்தனை வருட வேலையில் அவர் அறை நாற்காலி எப்படியிருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன். "உன் காத்து அளக்கிற ஸ்டேஷன் கணக்கு மார்ச்சிலேர்ந்து வரம்புக்குள்ளயே நிக்குது. ஆகஸ்ட் முடியிற வரைக்கும் இப்படியே போகட்டும். தூய காற்றுப் பகுதின்னு எழுதி ஸ்டேஷனை மூடிடலாம். ஸ்டேஷன் இல்லாத ஊர்ல உனக்கென்ன வேலை? தலைமை ஆய்வகத்துக்கே அனுப்பிடுறேன்" என்றார். சந்தோஷத்தில் உட்காரச் சொன்ன மனுஷன் முன்னால் எழுந்து நின்றுவிட்டேன்.

பதவி உயர்வு என்று நீ அங்கே போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பிள்ளைகளுக்கு இடமில்லாத விடுதியில் உனக்கு ஒரு கட்டில். இங்கே எனக்கும் பட்டாணிக்கும் இரண்டு அறை இருந்தும் உட்கார மனசு வருவதில்லை. இன்னும் இரண்டரை மாதம் பொறுத்துக்கொள்.

உன் மகள் பட்டாணி பெரிய நடிகையாகிக்கொண்டிருக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வயிறு வலிக்கிறது. போன மாதம் ஆறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தவள், இப்போது ஆறு நாலு எவ்வளவு என்றால் உத்தரத்தைப் பார்க்கிறாள். எட்டு வயதிலேயே இப்படி என்றால் பத்தாம் வகுப்பில் என்னென்ன வித்தை காட்டுவாளோ. டீச்சரும் "முன்ன மாதிரி கவனம் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பினார். அம்மா பக்கத்தில் இல்லாத ஏக்கம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை ஒரு கூத்து. காலை ஏழு மணிக்கே தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம், ஸ்டேஷன் எதிலும் கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். நானும் பட்டாணியும் ஆபீஸ் மொட்டைமாடியில் ஸ்டேஷன் கூண்டு நிழலில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சீட்டாடினோம். பதினெட்டு ஆட்டத்தில் பதினாறு முறை நான்தான் கழுதை. காற்றை உறிஞ்சும் பம்பின் சத்தம் இல்லாததால் அவள் பேசியது முழுவதும் காதில் விழுந்தது. பின்னால் இருக்கிற ஈய ஷெட்டுக்காரர்களுக்கு மட்டும் கவலையில்லை. பழைய பேட்டரி உருக்க அடுப்புப் போதுமே, கரண்ட் எதற்கு? புகை வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

சரியாகச் சாப்பிடு. தலைவலித் தைலத்தையே தடவிக்கொண்டு காலம் தள்ளாதே.

உன்
பம்புக்காரன்


ஜூன் 14, வெள்ளி

அன்புள்ள பம்புக்காரருக்கு,

எடை போட்டுவைத்த வெள்ளைத் தாள் ஒன்று அடுத்த வாரத்துக்காக டப்பாவில் இருக்கிறது. பட்டாணிக்கு ரிப்பன் இரண்டு. வயிற்றுவலியை நடிப்பு என்று நீங்களாகவே முடிவுகட்டாதீர்கள். உங்களுக்குத் தலை வலித்தால் மட்டும் ஊரே படுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு விஷயம். இந்த வாரத் தாளை நான்கு முறை எடை போட்டேன். தராசைத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். தராசில் கோளாறு இல்லை. பதிவுத் தாளில் "வியாழன் காலை எட்டு முதல் வெள்ளி காலை எட்டு வரை, தடையின்றி இருபத்து நான்கு மணி நேரம்" என்று உங்கள் முத்து முத்தான எழுத்து. அதே டப்பாவில், அதே மையில், வியாழக்கிழமை காலையிலிருந்து கரண்டே இல்லை, பம்பு சத்தமே இல்லை என்று கடிதம். கரண்ட் இல்லாமல் இந்தத் தாளில் தூசி எப்படி வந்தது? நீங்களே வாயால் உறிஞ்சினீர்களா?

தேதி மாற்றி எழுதிவிட்டீர்கள் என்றால் ஒரு வரி எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் அது மட்டும்தானா என்று மனசு அடித்துக்கொள்கிறது. பிப்ரவரி வரை உங்கள் தாளை இடுக்கியால் எடுத்தாலே கரி படியும். நம் வேதியியல்காரர் அதில் ஒரு துண்டு வெட்டி அமிலத்தில் கரைத்து ஈயம் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். மார்ச்சிலிருந்து வருகிற தாள்களில் வெறும் ரோட்டு மண் நிறம்தான். அவர்கூட "அந்த ஊர்ல ஷெட்டையெல்லாம் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தாளின் கனம் குறையக் குறைய நீங்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில் வருகிறீர்கள் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.

பதில் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

உங்கள்
தராசுக்காரி


ஜூன் 18, செவ்வாய்

என் தராசுக்காரிக்கு,

வாயால்தான் உறிஞ்சினேன் என்று எழுதிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். உன்னிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மார்ச்சிலிருந்து வந்த எதுவுமே வியாழக்கிழமைத் தாள் இல்லை. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தாள். ஞாயிறு ஷெட்டுகளுக்கு விடுமுறை, அடுப்பு அணைந்து கிடக்கும். அன்று காலை எட்டு மணிக்குத் தாளை மாட்டுவேன். திங்கள் காலை அவர்கள் அடுப்பு மூட்டுவதற்குள் கழற்றிவிடுவேன். தேதியை மட்டும் வியாழன் என்று எழுதுவேன். கரண்ட் போன கதையை உனக்கு எழுதும்போது இது நினைவுக்கே வரவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் நான் ஆபீஸை மறந்துவிடுகிறேன்.

பொறியாளர் செய்யச் சொன்னாரா என்று கேட்பாய். சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை காத்து எவ்வளவு நல்லாருக்கு பாத்தியா" என்று ஒருநாள் மாடியில் நின்று சொன்னார், அவ்வளவுதான். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற பிழைப்பு என்னுடையது.

திட்டு. ஆனால் இதையும் யோசித்துப் பார். அதற்கு முன் ஆறு வருடம் நான் உண்மையைத்தான் அனுப்பினேன். கடைசி ஒன்றரை வருடம் நீயே எடை போட்டாய். என்ன நடந்தது? நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வாரம் ஷெட்டைப் பூட்டினார்கள். எட்டாம் நாள் அந்த நோட்டீஸைக் கிழித்து அதே அடுப்பில் போட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அப்போதெல்லாம் நாம் யோக்கியர்கள், அதனால் யாருக்கு என்ன லாபம்?

உண்மையை எழுதினால் ஸ்டேஷன் இங்கேயே இருக்கும். ஸ்டேஷன் இருந்தால் நானும் இருக்க வேண்டும். நான் இருந்தால் பட்டாணியும் இந்த ஷெட்டுகளுக்குப் பின்னாலேயே இருப்பாள். பொய் எழுதினால் ஆகஸ்ட் கடைசியில் மூன்று பேரும் உன் ஊரில். அவளுக்கு எது நல்லது? உன் அக்கா வீட்டில் விடலாம் என்றால் அங்கே ஏற்கெனவே நாலு பிள்ளைகள் பாய்க்குச் சண்டை போடுகிறார்கள். நான் வேறு எந்த வழியைப் பார்க்க?

இன்னும் பத்து டப்பா. பத்தே பத்து. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க உண்மையே பேசுகிறேன். நீ கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் போச்சு. போடு என்று நான் சொல்லவில்லை. யோசி என்றுதான் சொல்கிறேன்.

உன்
பம்புக்காரன்


ஜூன் 21, வெள்ளி

பம்புக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது கிழித்துப் போடத் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது நேரே போய் இயக்குநர் மேசையில் வைக்கத் தோன்றியது. மூன்றாம் முறை படித்தபோது "பத்து டப்பா" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பத்து டப்பா என்றால் பத்து வாரம், எழுபது நாள் என்று பைத்தியம்போல மனசு கணக்குப் போட்டது. அதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால் என்று எத்தனை பேரைச் சொல்லிச் சிரித்திருப்போம்! அந்தத் தெருவில் பட்டாணி மட்டுமா இருக்கிறாள்? அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற தையல்காரர் மகளுக்கு எந்த ஊர் ஆய்வகத்துக்கு மாற்றல் கிடைக்கும்? நாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். "இங்கே காற்று சுத்தம்" என்ற நம் பொய் மட்டும் அங்கேயே குடியிருக்கும். இதையெல்லாம் நீங்கள் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்குக் கோபம்.

ஆனாலும் கேளுங்கள். நேற்று ஆய்வகத்துக்குப் பின் தெருவில் ஒரு மாடி வீடு பார்த்தேன். சின்ன அடுப்படி, இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட விளையாட்டுத் திடல். காலியான அறையில் நின்று பட்டாணியின் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா "பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார். "ஒண்ணு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தேன்.

இன்று காலை பதிவேட்டில் உங்கள் தாளுக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாதக் கடைசியில், மார்ச்சிலிருந்து வந்த கணக்கை வைத்து, இடைக்காலச் சான்று என் மேசைக்கு வரும். உங்கள் கையெழுத்துக்கும் பொறியாளர் கையெழுத்துக்கும் நடுவில் என் இடம். அதிலும் போடுவேன். இனி இதில் பாதி என்னுடையது.

இதற்கு ஈடாக நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள். அவளை ஷெட் பக்கம் விளையாட விடாதீர்கள். துணியை வெளியில் காயப்போடாதீர்கள். சாப்பிடும் முன் கையை நீங்களே தேய்த்துக் கழுவிவிடுங்கள். வயிற்றுவலிக்கு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது வீட்டுக்குப் பின்னால் ஈயம் உருக்குகிறார்கள் என்று அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். யாரிடம் பொய் சொன்னாலும் அவரிடம் சொல்லாதீர்கள்.

தராசுக்காரி


ஜூலை 30, செவ்வாய்

என் தராசுக்காரிக்கு,

இந்த டப்பா போனால் மீதி நாலுதான்! மாடி வீட்டுக்காரம்மாவிடம் செப்டம்பர் முதல் தேதி என்றே சொல்லிவிடு. ஜன்னல் பக்கம் பட்டாணிக்கு, கதவுப் பக்கம் எனக்கு. அடுப்படி முழுக்க உனக்கு, போதுமா? கோபப்படாதே, பாத்திரம் நான்தான் தேய்க்கிறேன்.

சான்றிதழ் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலிலும் நம் தெரு டாக்டரின் கிளினிக் வாசலிலும் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். "தூய காற்றுப் பகுதி" என்று பச்சை எழுத்து. பட்டாணி எக்கி எக்கிப் பார்த்து "இது அம்மா கையெழுத்து" என்று கண்டுபிடித்துவிட்டாள். விரலால் தடவிக்கொண்டே நின்றாள். இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டாக்டரிடம் வெள்ளிக்கிழமை கூட்டிப் போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு, வெளுத்திருக்கிறாள் என்றார். உதட்டைத் தூக்கி, ஈறில் என்ன நீலமாகக் கோடு என்று கேட்டார். பேனாவைக் கடிக்கிற பழக்கம் என்றேன். பூச்சி மருந்தும் டானிக்கும் கொடுத்தார். டானிக் இனிப்பாக இருக்கிறதாம், நாளைக்கு நாலு தடவை கேட்கிறாள். நீ சொன்னபடி எல்லாம் நடக்கிறது, கவலையை விடு.

கொஞ்ச நாளாகச் சிடுசிடுவென்று இருக்கிறாள். உன் புத்தி. நேற்று சீட்டுக்கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வலது கால் செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று விழுகிறது, பாதத்தைத் தேய்த்துக்கொண்டு வருகிறாள். வார் தளர்ந்துவிட்டதுபோல. அங்கே வந்ததும் புதுச் செருப்பு வாங்கிக் கொடுப்போம்.

உன்
பம்புக்காரன்


ஆகஸ்ட் 2, வெள்ளி

உங்கள் கடிதத்தில் நீலக் கோடு, செருப்பு என்று எழுதியிருந்ததை வேதியியல்காரரிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்துவிட்டார். "ஈயம்மா அது. ஈறுல கோடு போட்டு, கால் தொங்குற வரைக்கும் வந்திருக்குன்னா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க" என்றார்.

டாக்டரிடம் ஷெட்டைப் பற்றிச் சொன்னீர்களா இல்லையா? உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அந்த வரி எங்குமே இல்லை.

உங்கள் ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை; டப்பா மூன்று மணி பஸ்ஸில் வருகிறது. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன். நான் வரும்வரை காத்திருக்காதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.


செப்டம்பர் 5, வியாழன்

பட்டாணியின் அப்பாவுக்கு,

வலிப்பு வந்து கிடந்தவளை ஆம்புலன்ஸில் நாம் இருவரும்தான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தோம். ஏழாம் நாள் "டப்பா அனுப்பணும், மூணு வாரம்தான்" என்று பஸ் ஏறினீர்கள். அன்று அவள் கண் திறப்பாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், உங்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

ரத்தத்தில் இருக்கலாம் என்கிற அளவைப்போலப் பதினான்கு மடங்கு ஈயம். எண்களைப் பார்த்தே பிழைக்கிறவள் நான், அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தேன். இரண்டு சுற்று ஊசி போட்டு இப்போது குறைத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் மருத்துவர். ஆனால் மூளைக்குப் போனது போனதுதான் என்றும் சொல்லிவிட்டார். நம்மைத் தெரிகிறது. பழைய வீடு, டீச்சர், பெஞ்சுத் தோழி எல்லாம் நினைவிருக்கிறது. புதிதாகச் சொல்கிற எதுவும் தங்குவதில்லை. காலையில் சொன்னது மத்தியானம் இல்லை, நேற்று என்பதே இல்லை. இது மாறுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் "பாக்கலாம்மா" என்றார்.

இங்குள்ள மருத்துவர் பழைய விவரம் கேட்டதால் வார்டு போனிலிருந்து நம் தெரு டாக்டரைக் கூப்பிட்டேன். ஏன் சார் நீங்கள் கேட்கவில்லை என்று சண்டைக்கே போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கேக்காம இருப்பேனாம்மா? ஈறைப் பாத்ததுமே அந்த ஷெட்டுல இன்னும் ஈயப் புகை விடுறாங்களான்னுதான் கேட்டேன். 'ஷெட்டெல்லாம் ஒழுங்காயிடுச்சு டாக்டர், உங்க வாசல்லயே சர்டிபிகேட் இருக்கே, அதுக்குத் தாள் எடுக்கிறவனே நான்தான்'னாரு. அளக்கிறவரே சொல்றாரு, பெத்த அப்பாவும் அவர்தான். நான் எப்படிம்மா நம்பாம இருப்பேன்?"

போனை வைத்துவிட்டு வார்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே ஊசி போட ஆரம்பித்திருந்தால் வலிப்பு வரை போயிருக்காது என்று இங்குள்ள மருத்துவர் சொல்கிறார். ஒரு வாரம். அந்த ஒரு வாரம்தான்.

பொய்த் தாளில் நானும் கையெழுத்துப் போட்டவள். அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவள் தடவிப் பார்த்த கையெழுத்து என்னுடையது, அதை நான் சாகும்வரை சுமக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் அவள் உங்கள் மடியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரு வார்த்தைதானே?

பட்டாணியின் அம்மா


செப்டம்பர் 10, செவ்வாய்

என் உயிருக்கு,

டப்பா நின்றுவிட்டதால் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். பழக்கமில்லாமல் உன் முகவரியை இரண்டு முறை தப்பாக எழுதினேன்.

ஒரு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்தது. டாக்டர் சுகாதார ஆபீஸுக்கு எழுதுவார், அவர்கள் ஸ்டேஷனைத் திறந்து பார்ப்பார்கள், மீதி ஐந்து டப்பாவும் போச்சு, மாடி வீடு போச்சு என்று அந்த ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. ஒரு மாதத்தில் உன்னிடம் வந்துவிடுவாள், அங்கே பெரிய டாக்டரிடம் எல்லாம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நான் யாருக்காகச் செய்தேன் என்று உனக்குத் தெரியாதா?

ஸ்டேஷனை முப்பத்தொன்றாம் தேதி மூடினார்கள். நேற்று மாற்றல் உத்தரவு கைக்கு வந்தது. தலைமை ஆய்வகம், பதினாறாம் தேதிக்குள் சேர வேண்டும். இதற்காக இரண்டு வருடம் தவம் கிடந்தவன், வாங்கிப் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பொறியாளர் "இனிப்பு எங்கப்பா?" என்று கேட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யார் மூலமாவது கேள்விப்படுவாய். சான்றிதழைக் காட்டி ஷெட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு அடுப்புக்கு அனுமதி வாங்கிவிட்டார்கள். தையல்காரர் நேற்று வழியில் நிறுத்தி, "உங்க பொண்ணுக்கு என்னங்க ஆச்சு? எம்பொண்ணுக்கும் வயித்துவலின்னு சொல்றா" என்றார். பூச்சி மருந்து கொடுங்கள் என்று வாயில் வந்துவிட்டது. கடித்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள இரண்டு கை வேண்டாமா? நீ வேலைக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? நான் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நீ என்னோடு பேசக்கூட வேண்டாம். கதவுப் பக்கம்கூட வேண்டாம், வராந்தாவில் படுத்துக்கொள்கிறேன். பதினைந்தாம் தேதி பஸ் ஏறட்டுமா? ஒரு வரி எழுது.

உன்
பம்புக்காரன்


செப்டம்பர் 27, வெள்ளி

பட்டாணியின் அப்பாவுக்கு,

பதினைந்தாம் தேதிக்கு முன்பே உங்கள் மாற்றலை நிறுத்தி வைத்தது ஏன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். நான்தான் சொன்னேன். பதின்மூன்றாம் தேதி இயக்குநரிடம் போய் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஜூன் பதினெட்டாம் தேதிக் கடிதத்தையும் இணைத்தேன். என் பதிலை நீங்கள் வைத்திருந்தால் நீங்களும் கொடுங்கள், என்னை மறைக்க வேண்டாம். அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். உங்களையும் உடனே நிறுத்தத்தான் பார்த்தார்கள். ஸ்டேஷனை மறுபடியும் திறக்க வேண்டும், அந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், விசாரணை முடியும்வரை அங்கேயே வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார்கள். சாவி வேறொருவரிடம் இருக்கும். இனி தினமும் ஒரு தாள்.

ஓட்டுங்கள். கறுப்பாக வரும். வரட்டும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எழுதினீர்கள். இருக்கலாம். ஆனால் தையல்காரர் மகளைப் பார்க்கிற டாக்டர் செவிடரில்லை. அவர் கையில் சரியான தாள் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். பழைய சான்றிதழைக் கிழிக்க ஆள் வருவதற்குக் காத்திருக்காமல் நீங்களே கிழித்துவிடுங்கள். தையல்காரரிடம் ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேகமாக நடந்து போகாதீர்கள்.

மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா வந்து கூட இருக்கிறாள். ஈயம் உருக்காத ஊர், நல்ல காற்று. பட்டாணி இங்கேதான் இருக்கிறாள், நீங்கள் ஆசைப்பட்டது அதுவரைக்கும் நடந்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திடலைப் பார்க்கிறாள். காலில் தெம்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

வராந்தாவில் படுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போது அழுதேன், மறைக்கவில்லை. பதினோரு வருடம் உங்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். வந்தால் உங்களுக்குச் சோறு போட்டுவிடுவேன், இரண்டு மாதத்தில் பேசியும் விடுவேன். அதற்குத்தான் பயப்படுகிறேன். வராதீர்கள்.

தினமும் காலையில் எழுந்ததும் "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று கேட்கிறாள். நாளைக்கு வருவார் என்று சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? சிரித்துக்கொண்டே பாலைக் குடித்துவிடுவாள். நாளைக்கு அவளுக்கு நினைவிருக்காது, மறுபடியும் நாளைக்கு என்று சொல்லலாம், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அக்காகூட "சின்னப் பொய்தானேடி" என்கிறாள். என்னால் முடியவில்லை. வரமாட்டார் என்றுதான் சொல்கிறேன். அவள் ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவையாகக் கேட்கிறாள், ஒவ்வொரு நாளும் அழுகிறாள்.

பட்டாணியின் அம்மா